கண்ணாடித் தொட்டியிற் கடல்

பவளம் என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவிலே நம் உள்ளத்தில் தோன்றுவது செந்நிற மணியே. நவமணிகளுள் ஒன்றாக எண்ணப்படுவதும், துகிர் எனப் பழந்தமிழில் வழங்கியதும் அதுவே. அம்மணி பெரும்பாலும் மத்தியதரைக் கடலிற் கிடைப்பது. மேலை நாட்டு மரக்கலங்கள் அதனை முசிறித் துறைக்குக் கொணர்ந்த செய்தி ‘பெரிப்ளுஸ்’ என்னும் கிரேக்க நூலிற் காணப்படுகின்றது. ஆயின், யாம் ஈண்டுக் கூறப்புகுந்த பவளம் வேறு. யாழ்ப்பாணம் முதலிய கரைகளில் முருகைக்கல் என வழங்குவதும், கடலடியில் வளர்ந்து எண்ணிறந்த உயிர்கட்கு உறைவிடமாவதும் ஆகிய பவளப்பாறையே அது. கல்லெனத் தோன்றினும் அதனைக் கட்டியவை மிகச் சிறிய உயிர்கள். அவை கடல்நீரிற் கரைந்துள்ள சுண்ணத்தைப் பிரித்தெடுத்துத் தமக்குக் குடியிருப்புச் சமைத்துக்கொள்கின்றன. அக்குடியிருப்பை அதன் அயலில் வாழும் வண்ணமீன்களோடு ஒரு கண்ணாடித் தொட்டியிலிட்டு வீட்டிற் பேண விழைவோர் இந்நாளில் உலகெங்கும் பலர் உளர். அவ்விழைவினுள் அடங்கிக் கிடக்கும் இடர்களை நம் கல்லூரி நண்பர்கட்கு விளக்குதல் எம் நோக்கமாகும்.

எம் ஊராகிய மூலக்குளம் புதுச்சேரிக் கடற்கரைக்கு மேற்கே ஏறத்தாழ 6 கிலோமீட்டர்த் தொலைவில் உள்ளது. கடல் இத்துணை அண்மையில் இருத்தலின், கடல்மீன் வளர்த்தல் எம்மூரார்க்கு எளிதென்றும், நீரைக் குடங்குடமாக மொண்டு வந்தாற் போதுமென்றும் கூறுவார் உளர். போதாது. புதுச்சேரிக் கரையோர நீர் அலையின் மோதலால் மணல் கலங்கியது. நகரத்துக் கழிவு கலந்தது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின்னர்ச் சங்கராபரணியும் தென்பெண்ணையும் வண்டலையும் நன்னீரையும் கொணர்ந்து கொட்டுதலால் அதன் உவர்ப்புங் குறைந்துவிடும். பவள உயிர்களோ தெளிந்த நீரையும், மாறாத உவர்ப்பையும் வேண்டி நிற்பன. மன்னார் வளைகுடாவில் தீவுகளைச் சூழ்ந்து செழித்த பவளப்பாறைகள் நம் மணற்கரையில் அவ்வாறு செழியாமைக்குக் காரணம் இதுவே. ஆதலின் தொட்டி வைத்திருப்போர் பலர், இதற்கெனவே செய்த உப்புக்கலவைப் பொடியை விலைகொடுத்து வாங்கி, ஆர்.ஓ. கருவியால் தூய்மை செய்த நீரிற் கரைத்துத் தமக்கு வேண்டுங் கடலைத் தாமே ஆக்கிக்கொள்கின்றனர். ஆறு கிலோமீட்டரில் வங்கக் கடல் இருக்க, உப்பு வாங்கிக் கடல் செய்வது நகைப்பிற்கு இடமாகலாம். ஆயினும் வேறு வழியில்லை.

இக்கலையின் வரலாறு நெடியதன்று. 1846ஆம் ஆண்டில் ஆன்னா தின் என்னும் ஆங்கில மாதொருவர், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டார்க்கி என்னும் ஊரினின்று சில கற்பவள உயிர்களை இலண்டனிலிருந்த தம் இல்லத்திற்குக் கொணர்ந்தார். அவர்தம் கணவர் வெஸ்ட்மின்ஸ்டர்ப் பேராலயத்தில் ஊழியம் பூண்ட குருவானவர். இலண்டனுக்குக் கடல்நீரை இடையறாது வருவித்தல் அரிதாகலின், அவ்வம்மையார் இருந்த நீரையே திறந்த சாளரத்தின் அருகில் வைத்து, ஒரு கலத்தினின்று மற்றொரு கலத்திற்கு மாறிமாறி ஊற்றுவித்துக் காற்றேறச் செய்தார். நாடோறும் அரைமணி, முக்கால்மணி நேரம் நின்று அங்ஙனம் ஊற்றியவள் அவ்வீட்டுப் பணிப்பெண். அம்மையாரின் பெயரை நூல்கள் போற்றுகின்றன. பணிப்பெண்ணின் பெயரை யாம் யாண்டுங் கண்டிலோம். பின்னர்க் கடற்பாசிகளை உடன் வைத்து வளர்த்தமையால் ஊற்றும் வேலை குறைந்தது. 1853இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன்மனை திறக்கப்பெற்றது. அடுத்த ஆண்டில் பிலிப்பு ஹென்றி காஸ் என்பார் எழுதிய நூலால் ‘அக்குவேரியம்’ என்னுஞ் சொல் எங்கும் பரவிற்று.

நம் நாட்டிலும் இம்முயற்சி முற்பட்டே தோன்றியதென்பதை இன்று பலர் அறியார். சென்னை அருங்காட்சிச்சாலைக்குத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இராமேசுவரக் கடலுயிர்களை நேரிற் சென்று ஆராய்ந்தவர். அவர்தம் முயற்சியால் 1909ஆம் ஆண்டில் மெரினாக் கடற்கரையில் ஒரு கடல்மீன் காட்சிச்சாலை திறக்கப்பெற்றது. பின்னர் அது மீன்வளத் துறையின் ஆட்சிக்கு மாறிற்று. இரண்டாம் உலகப் போரில் சப்பானியர் தாக்குவரென்னும் அச்சம் எழுந்தபொழுது 1942இல் மூடப்பட்டது. அது கடலின் எதிரே நின்ற அரசுச் சாலை. ஊழியர் பலர் இருந்திருப்பர். இல்லத்தில் தனியொருவர் செய்யத் துணிவது வேறு காரியம். அதற்கு வழிகாட்டியவருள் ஒருவர் இந்தோனேசியாவின் தலைநகராகிய சாகர்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர். கடலினின்று எடுத்த உயிருள்ள பாறைத்துண்டுகளைத் தொட்டியிலிட்டுக் காற்றுக் குமிழியை மட்டும் செலுத்தினால் நீர் தூயதாகவே இருத்தலை அவர் கண்டு, 1961இல் வெளியிட்டார். பாறையின் நுண்துளைகளில் வாழும் கண்ணுக்குப் புலனாகாத உயிர்கள் அங்ஙனம் தூய்மை செய்தன என்பது பின்னர் விளங்கிற்று.

இனி இடர்களைக் கூறுவோம். கடல் தன் பெரும்பரப்பினால் இயல்பாகச் செய்துகொள்ளும் வேலைகள் அனைத்தையும், தொட்டியில் ஒரு மனிதர் தம் கையாலும் கருவியாலும் நாள் தவறாது செய்தல் வேண்டும். எல்லா இடர்களும் இவ்வொன்றினின்றே கிளைக்கின்றன.

முதற்கண் கழிவைப் பார்ப்போம். மீன் உண்டு கழித்ததும், உண்ணாது விட்டதும் நீரில் அழுகி அம்மோனியா என்னும் நஞ்சாகின்றன. கடலில் அது தோன்றிய இடமே தெரியாது கரைந்தொழியும். 300 லிட்டர்த் தொட்டியில் ஒரு மீன் இறந்து பாறையிடுக்கில் ஓரிரவு கிடப்பின், எஞ்சிய மீன்கட்கும் மறுநாட் காலை ஐயத்திற்குரியதாகிவிடும். கடல்நீர் சற்றே காரத்தன்மை உடையதாதலின், அதன்கண் அம்மோனியாவின் கொடுமை நன்னீரிலும் மிகுதி. இந்நஞ்சை முறிப்பன பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள். அவற்றுள் ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். மற்றொருவகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இவ்விருவகையும் பல்கி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். அதுகாறும் மீனில்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டு வாளா இருத்தல் வேண்டும். கடையில் மீனைக் கண்டதும் வாங்கி முதல் வாரத்திலேயே விட்டவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் அதனை இழப்பர். இத்தொட்டிகளின் அழிவுக்குப் பெருங்காரணம் பணக்குறையோ அறிவுக்குறையோ அன்று, பொறுமைக்குறையே என்பது எம் கருத்து.

உவர்ப்பின் செய்தி கணக்கறிந்தார்க்கு எளிது. அறியாதார்க்கு ஏமாற்றந் தருவது. கடல்நீரில் ஆயிரத்திற்கு 35 பங்கு உப்பு உள்ளது. நீர் ஆவியாய்ச் செல்லும், உப்புச் செல்லாது. 300 லிட்டரில் 20 லிட்டர் வற்றிப்போயின் 35 என்னும் அளவு 37.5 ஆகிவிடும். வற்றியதற்கு ஈடாகக் கடல்நீரை ஊற்றுவோமாயின் உப்பு மேலும் ஏறும். ஆகவே நன்னீரையே ஊற்றல் வேண்டும். அந்நன்னீரும் ஆழ்துளைக் கிணற்று நீராயிருத்தல் கூடாது. அதிற் கரைந்துள்ள உப்புவகைகள் பாசியை வளர்க்கும். செப்புக் குழாயில் வந்த நீராயின், அதிற் கலந்த சிறிதளவு செம்பே இறாலையும் பவளத்தையும் கொல்லும்.

எம் பகுதியில் யாவற்றினும் கொடிய பகை வெப்பம். பவளமும் அதன் அயலுயிர்களும் விரும்புவது ஏறத்தாழ 24 முதல் 27 பாகை வரையுள்ள நீர். சித்திரை, வைகாசியில் மூலக்குளத்து மாடி வீடுகளில் அறைக்காற்றே 35 பாகையைக் கடக்கும்; தொட்டி நீரும் பின்தொடரும். போதாக்குறைக்கு விளக்கும் பம்பும் தம் வெப்பத்தைச் சேர்க்கும். பவளத்தின் உடலினுள் ஒருவகை நுண்பாசி குடியிருக்கின்றது. கதிரொளியால் அது சமைக்கும் உணவே பவளத்திற்குப் பெரும்பகுதி உணவு; நிறமும் அதனாலேயே. நீர் சூடேறி நின்றால் அந்நட்பு முறிந்து, பவளம் பாசியை வெளியேற்றி வெளுத்துப் போகும். விரைவில் குளிராவிடின் பட்டினியால் மடியும். விசிறியை வைத்து நீர்ப்பரப்பிற் காற்று வீசச் செய்வது ஓரளவு குளிர்விக்கும். ஆயின் கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதியாதலின், விசிறியின் ஆற்றல் நம் பக்கத்திற் குறைவு. நீர் வற்றுவதும் அதனால் மிகும். சில்லர் என வழங்கும் குளிர்விப்பான் வைத்தால் தொட்டி பிழைக்கும், மின்கட்டணமோ உயரும்.

சுண்ணத்தைப் பற்றி ஒரு செய்தி எம்மை மிகவும் கவர்ந்தது. கடல்நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராமிற்குச் சற்று மேற்பட்ட கால்சியம் உள்ளது. பவளம் வளருந்தோறும் அதனை உறிஞ்சிக்கொள்ளும். கடலில் அக்குறைவு தோன்றாது. தொட்டியிலோ சில நாளிற் புலப்படும். ஜெர்மானிய அன்பர்கள் இதற்குக் கண்ட பரிகாரம் சுண்ணாம்புத் தெளிநீர். நம் பாட்டிமார் வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பும், சிப்பியை நீற்றி நீரிலிட்டுத் தெளிய வைத்த நீரும் எப்பொருளோ, அப்பொருளே இது. தூய்மை மட்டும் வேறு. இரவில் துளித்துளியாக அதனைச் சேர்ப்பர். விரைந்து ஊற்றினால் காரம் திடீரென ஏறி உயிர்கள் மாயும். கால்சியத்தையும் காரத்தையும் ஒருங்கே மிகுவிப்பின், இரண்டுங் கூடி வெண்மணலாய் அடியிற் படிந்து, சேர்த்ததும் வீணாகும்.

ஒளிக்கு நீலங் கலந்த எல்.இ.டி. விளக்குகளும், நீரிற் கரைந்த அழுக்கை நுரையாக்கி வடிக்கும் ஸ்கிம்மர் என்னும் கருவியும் இந்நாளில் கடைகளிற் கிடைக்கின்றன. அவற்றை விரித்துரைக்க வேண்டா. மின்சாரம் நின்றுபோதலே கூறற்பாலது. பவளப்பாறை என்றும் அலைமோதும் இடத்தில் வாழ்வது. பம்புகள் நின்றால் தொட்டி குட்டையாகிவிடும். வெந்நீரிலும் உவர்நீரிலும் உயிர்வளி குறைவாகவே கரையும். நம் தொட்டி இரண்டுமாம். 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபொழுது இப்பகுதியிற் பல ஊர்கள் பல நாள் இருளில் இருந்தமையைப் பெரியோர் இன்றும் கூறுவர். 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறி நகர்வதற்குத் தாழ்த்தமையால், ஒரே நாளில் 46 செண்டிமீட்டருக்கும் மேற்பட்ட மழை பெய்தது.

எம் தெருவில் வாழும் பெரியவர் ஒருவர், பணி ஓய்வு பெற்ற பின்னர் 300 லிட்டர்த் தொட்டியொன்றில் கோமாளி மீன்கள் ஆறனை வளர்த்து வருகின்றார். பவளம் அவரிடம் இல்லை. காரணம் பின்னர்க் கூறுவோம். ஃபெஞ்சல் இரவில் தெருவில் முழங்கால் அளவு நீர். இன்வெர்ட்டர் மின்கலம் நள்ளிரவிற்குப் பின் ஓய்ந்தது. பெரியவரும் அவர் மனைவியாரும் ஒரு நாற்காலியைத் தொட்டியருகே இட்டு, முறைவைத்து, குவளையால் நீரை மொண்டு ஒரு முழ உயரத்தினின்று ஊற்றிக்கொண்டே விடியும்வரை இருந்தனர். மறுநாட் பகல் முழுதும் அவ்வாறே. தின் அம்மையார் வீட்டுப் பணிப்பெண் 178 ஆண்டுகட்கு முன் செய்ததும் இதுவன்றோ! ஆறு மீனில் நான்கு பிழைத்தன. பின்னர் யாம் சென்று உசாவியபொழுது அவர் கூறியது: “தம்பி, நான் மீன் வளர்க்கின்றேன் என்று ஊரார் நினைக்கின்றார்கள். நான் வளர்ப்பது தண்ணீரைத்தான். மீன் அதில் தானே வளர்கின்றது.” நாடோறும் வெப்பம், உவர்ப்பு, ஊற்றிய நீரின் அளவு ஆகியவற்றை அவர் எழுதி வைத்துள்ள பள்ளிக் குறிப்பேடுகள் ஐந்தனை எமக்குக் காட்டினார்.

அவர் பவளம் வையாமைக்குக் காரணம் சட்டம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001இல் கற்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பெற்றன. கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, கடற்குதிரை, கடல் அட்டை ஆகியனவும் அங்ஙனமே. புலிக்கும் யானைக்கும் உரிய காப்பு முருகைக்கல்லுக்கும் உண்டு. அதனை எடுத்தலும் விற்றலும் வைத்திருத்தலும் குற்றம். மூன்றாண்டிற்குக் குறையாத, ஏழாண்டு வரை நீளக்கூடிய சிறைத்தண்டம் விதிக்கப்படலாம். மேலை நாட்டார் எழுதிய வழிகாட்டி நூல்களைப் படித்து அதனைப் பின்பற்ற முனையும் நம் இளைஞர்கள் இதனைப் பெரும்பாலும் அறிவதில்லை. விற்போர் கூறுவதுமில்லை.

இச்சட்டம் கடுமையானதென எமக்கும் முதலில் தோன்றிற்று. மன்னார் வளைகுடாவின் வரலாற்றை அறிந்தபின் அவ்வெண்ணம் மாறியது. அங்குள்ள 21 தீவுகளையும் சூழ்கடலையும் 1986இல் அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அதற்கு முன்னும் பின்னும், முருகைக்கல்லைப் பெயர்த்துச் சுண்ணாம்பு நீற்றவும் வீடு கட்டவும் தொழிற்சாலைகட்கும் வண்டி வண்டியாகக் கொண்டுசென்றனர். அரணாயிருந்த பாறை அகலவே, அலை கரையைத் தின்றது. விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னரே அவ்வகழ்வு ஓய்ந்தது. தூத்துக்குடியருகே வான் தீவும் சுருங்கிக்கொண்டே வர, அண்மை ஆண்டுகளில் அதனைக் காக்கக் காங்கிரீட்டாற் செய்த செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கியுள்ளனர். ஒருபுறம் இவ்வாறு பாறையைச் செய்து இறக்க, மறுபுறம் வீட்டு அழகிற்காக உயிர்ப்பாறையை ஏற்றுவது பொருந்துமோ? தொட்டிக்காரர் எடுப்பது சிறுதுண்டன்றோ என்பர். சுண்ணாம்புக் காளவாய்க்காரரும் தம் ஒரு வண்டியைப் பற்றி அவ்வாறே எண்ணியிருப்பர்.

இன்னுமொன்று உண்டு. தொட்டிக்காரர் அஞ்சும் வெப்பம் இப்பொழுது கடலையும் பற்றிக்கொண்டது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் மன்னார் வளைகுடாப் பவளங்கள் பரந்த அளவில் வெளுத்தன. அப்பெருநீர்க்கு எந்தச் சில்லரைப் பொருத்துவது?

வண்ணமீன்களின் செய்தியிலும் கருதத்தக்கது உளது. உலக வணிகத்தில் விலைபோகும் கடல்மீன்களுட் பெரும்பாலன இன்றும் கடலினின்று பிடிக்கப்படுவனவே. பிலிப்பைன்ஸ் முதலிய நாடுகளில், பாறையிடுக்கில் ஒளியும் மீனை மயக்கச் சயனைடு நஞ்சைப் பீச்சும் வழக்கம் 1960களில் தொடங்கிற்று. அந்நஞ்சு மீனை மயக்குவதோடு சுற்றியுள்ள பவளத்தையும் கொல்லும். மயங்கிப் பிடிபட்ட மீனும், கடையில் அழகுற நீந்திப் பின் காரணந் தெரியாமல் இறக்கும்.

அற்றேல் மூலக்குளத்தில் வாழும் ஒருவர் கடலுயிரை வீட்டில் வைத்தல் ஒண்ணாதோ எனின், ஒண்ணும். கற்பவளம் இன்றி, சுட்ட மண்ணாலோ சிமெண்டாலோ செய்த துளையுள்ள பாறைகளை இட்டு, பண்ணையிற் பொரித்த மீன்களை மட்டும் வளர்க்கலாம். பாக்டீரியாவிற்குத் துளையே வேண்டும். அது கடலில் விளைந்த துளையா என்று அவை வினவுவதில்லை. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947இல் தொடங்கப்பெற்றது. தலைமையகம் பின்னர்க் கொச்சிக்கு மாறினும், மண்டபத்தில் அதன் நிலையம் இன்றும் உள்ளது. அங்கும் கேரளத்து விழிஞ்ஞத்திலும் கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை அறிஞர்கள் கண்டறிந்துள்ளனர். இம்மீன்கள் யாவும் பிறக்கும்பொழுது பெண்ணல்ல. கூட்டத்திற் பெரியதே பெண்ணாகும், அது மறையின் அடுத்த ஆண் பெண்ணாக மாறும். முட்டையைக் காப்பது தந்தை. வாயால் நீரூதியும் செட்டையால் விசிறியும், கெட்ட முட்டையைப் பொறுக்கி நீக்கியும் ஏழெட்டு நாள் அது உறங்காது காவல் புரிவதை யாம் எம் கண்ணாரக் கண்டோம்.

கண்டது அப்பெரியவர் வீட்டில்தான். புயலிற் பிழைத்த நான்கனுள் இரண்டு இணையாகி, தொட்டியினுள் கவிழ்த்து வைத்த மண்சட்டியின் உட்புறத்தில் ஆரஞ்சு நிற முட்டைகளை இட்டன. எட்டாம் நாள் இரவு விளக்கணைத்த பின் குஞ்சுகள் வெளிவந்தன. கண்ணும் வாலுமாகக் கண்ணாடி இழைபோல் இருந்தன. மூன்றாம் நாளே யாவும் இறந்தன. அவற்றின் வாய்க்கு ஏற்ற இரை ரோட்டிபர் என்னும் நுண்ணுயிர். அது பெரியவரிடம் அப்பொழுது இல்லை. இப்பொழுது உள்ளது. மொட்டைமாடியில் பன்னிரண்டு கண்ணாடிக் குப்பிகளில் பச்சை நிறப் பாசிநீரை வளர்த்து, அதில் ரோட்டிபரை விட்டுப் பெருக்கி வருகின்றார். சென்ற வாரம் யாம் சென்றபொழுது குப்பிகளின்மேல் வெயில் படாதபடி தென்னங்கீற்று வேய்ந்துகொண்டிருந்தார். சட்டியில் மறுபடி முட்டை இருந்தது.